சூடிக் கொடுத்த நாச்சியார் கொண்ட உறுதி

பாண்டிய நாட்டின் ஒரு பகுதியாகிய மல்லிநாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் திவ்யதேசம் விளங்குகிறது. அங்கே எம்பெருமான் வடபத்ரசாயி என்னும் திருநாமத்தோடு பள்ளிகொண்டு ஸேவை ஸாதிக்கிறான். அவ்வூரில் வேயர் குலத்தில் அவதரித்த விஷ்ணுசித்தர், எம்பெருமானுக்குச் செய்யத்தக்க கைங்கர்யம் யாதென்று ஆராய்ந்தார். கண்ணபிரான் மதுரையில் மாலாகாரரின் இல்லத்துக்குத் தானே நடந்து சென்று பூமாலை பெற்றுக்கொண்டான் என்னும் சரித்திரம் அவர் நெஞ்சைக் கவர்ந்தது. ஆகவே நந்தவனம் அமைத்துப் பூத்தொடுத்துச் சாத்துவதையே தம் வாழ்வாக அவர் கொண்டார். பின்னர் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டிய மன்னனின் ஸபையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றதும், யானைமேல் பவனி வருகையில் எம்பெருமானுக்கே பல்லாண்டு பாடிப் பெரியாழ்வார் என்று பேர்பெற்றதும் ஆஸ்திகர்கள் அனைவரும் அறிந்தவையே.

அந்த நந்தவனத்தில், திருத்துழாய்ச் செடியின் அடியில், ஜனகமஹாராஜனுக்கு உழுபடைச் சாலில் ஸீதை கிடைத்தாற்போல, ஒரு பெண்மகவு விஷ்ணுசித்தருக்குக் கிடைத்தது. நள வருஷம் ஆடி மாதம் பூர நக்ஷத்திரத்தில் இந்த அவதாரம் நிகழ்ந்தது என்று குருபரம்பரை நூல்கள் கூறும். திருப்பாவையில் வரும் கிரஹங்களின் குறிப்பைக் கொண்டு கணித்த ஆராய்ச்சியாளர்கள் இந்தச் சரித்திரத்தைக் கி.பி. 8ஆம் அல்லது 9ஆம் நூற்றாண்டில் வைப்பர். ஆழ்வார் அக்குழந்தைக்குக் கோதை என்று திருநாமம் சூட்டித் தாமே தாயும் தந்தையும் ஆசிரியருமாக இருந்து வளர்த்தார். மற்ற இல்லங்களில் குழந்தைகள் பாட்டியின் கதை கேட்டு உறங்குவார்கள்; இவ்வில்லத்திலோ வெண்ணெய் களவும், உரலில் கட்டுண்டதும், குன்றம் குடையாக எடுத்ததுமே காலையும் மாலையும் பேச்சு. கேட்டவை யாவும் குழந்தையின் உள்ளத்தில் கதையாக நில்லாமல், அண்டை வீட்டில் நேற்று நடந்த செய்திபோல் பதிந்துவிட்டன.

மாலை சூடிய நிகழ்ச்சி எல்லாரும் அறிந்தது. ஆயினும் பிற்பாடு அவள் கொண்ட உறுதிக்கு வித்து அதிலேயே இருப்பதால், அதனைச் சற்று நிதானித்து நோக்க வேண்டும். தந்தையார் தொடுத்துப் பூக்குடலையில் வைத்த மாலையை, அவர் இல்லாத நேரத்தில் கோதை எடுத்துத் தன் குழலில் சூடுவாள். தான் அப்பெருமானுக்கு ஒப்பான மணமகளாக இருக்கிறேனா என்று தன் உருவத்தைக் கிணற்று நீரில் நோக்குவாள். பிறகு களைந்து, இருந்தபடியே வைத்துவிடுவாள். அந்தக் கண்ணாடிக் கிணறு இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் திருக்கோயிலில் ஸேவிக்கக் கிடைக்கிறது. ஒருநாள் ஆழ்வார் இதனைக் கண்டு நடுங்கினார். எம்பெருமானுக்கென்று ஸங்கல்பித்த பொருளை மானிடர் அனுபவித்தபின் அது அவனுக்கு ஆகாது என்பது சாஸ்திரம். மகளைக் கடிந்துரைத்தார், அன்று மாலை சாத்தவில்லை. இரவில் பெருமான் கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையின் மணமே தனக்கு உவப்பு என்றும், இனி அதனையே கொணர வேண்டும் என்றும் நியமித்தருளினான். அன்றுமுதல் அவள் சூடிக் கொடுத்த நாச்சியார், தமிழுலகிற்கு ஆண்டாள்.

தந்தையார் கடிந்துரைத்தபோது கற்பித்த பாடத்தை மகள் மறந்தாளில்லை. ஒருவனுக்கென்று வைத்த பொருள் மற்றொருவனுக்கு ஆகாது என்ற விதியைப் பூமாலை விஷயத்தில் பெருமானே தளர்த்திவிட்டான். அவளோ அவ்விதியைத் தன் விஷயத்தில் இறுகப் பற்றிக்கொண்டாள். மாலை அவனுடையதானால் தானும் அவனுடையவளே. மாலை பிறர்க்கு ஆகாதென்றால் தானும் பிறர்க்கு ஆகாள். ஸம்ப்ரதாயத்தில் அநந்யார்ஹ சேஷத்வம் என்று பெரியோர்கள் விரித்துரைக்கும் பொருள், அச்சிறுமிக்கு ஒரு பூக்குடலையின் அருகே நின்று கேட்ட கண்டிப்பு மொழியிலேயே விளங்கிவிட்டது.

கோதை வளர்ந்தாள். மணப்பருவம் வந்தது. பெண்ணுக்குப் பூப்பெய்துமுன் மணம் முடித்துவிட வேண்டும் என்று ஊரும் உறவும் கருதிய காலம் அது. நம் தேசத்தில் 1929ஆம் ஆண்டில்தான் பெண்ணின் மணவயது 14க்குக் குறையலாகாது என்று சட்டம் பிறந்தது. 1978ஆம் ஆண்டில் அது 18 ஆயிற்று. அவ்வாறிருக்க, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட ஒரு சிற்றூரில், வைதிகர் ஒருவர் வீட்டில், மணமே வேண்டாவென்று ஒரு பெண் சொல்லுவதன் கனம் எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்கலாம். தகப்பனார் வரன் பார்ப்பதைப்பற்றிப் பேசியபோது, மானிடர் எவருக்கும் தன்னைப் பேசுவதாயின் தான் உயிர்தரியாள் என்று அவள் தெளிவாக உரைத்துவிட்டாள். வேள்வியில் தேவர்களுக்கென்று அந்தணர் வகுத்து வைத்த அவியுணவைக் காட்டில் திரியும் நரி வந்து முகர்ந்து போவதற்கு ஒப்பாகவே அத்தகைய மணத்தை அவள் கருதினாள். இவ்வுவமை நாச்சியார் திருமொழியின் முதற் பதிகத்தில் உள்ளது. இதுவும் அந்தப் பழைய மாலைப்பாடமே என்பது ஊன்றி நோக்குவார்க்குப் புலப்படும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். இளம்பிராயத்தில் இல்லறத்தை விலக்குவோர் பலவகையினர். சிலர் அச்சத்தால் விலக்குவர். சிலர் உடலை இழிவென்று வெறுத்து விலக்குவர். சிலர் கல்வி, தவம் முதலியவற்றுக்கு இடையூறாகும் என்று விலக்குவர். கோதை இவருள் எவ்வகையைச் சேர்ந்தவள்? எவ்வகையையும் சேர்ந்தவளல்லள் என்பதே விடை. அழகை வெறுத்தவள் கிணற்று நீரில் தன்னை அழகு பார்ப்பாளோ? மணத்தை வெறுத்தவள் மணக்கோலத்தைக் கனவு காண்பாளோ? அவள் விலக்கியது மணத்தை அன்று, மாற்று மணவாளனை. ஸந்யாஸியின் துறவைவிட, கணவன் வெளிதேசம் சென்றிருக்கக் காத்திருக்கும் குலமகளின் நியமமே அவளுக்கு நெருக்கமானது.

இதனை மற்றோர் ஆழ்வாரின் சரித்திரத்தோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். சோழநாட்டுத் திருமண்டங்குடியில் அவதரித்த விப்ரநாராயணரும் நந்தவனக் கைங்கர்யமே செய்தவர். மணம் செய்துகொள்ளாமல் திருவரங்கத்தில் தோட்டம் அமைத்துத் திருமாலை கட்டி வந்தார். தேவதேவி என்னும் கணிகை அத்தோட்டத்தின் வழியே வந்தபோது அவர் ஏறிட்டும் பார்த்தாரில்லை. அதனாலேயே அவள் தன் தமக்கையோடு பந்தயம் கூறி, எளிய கோலத்தோடு வந்து தோட்டப்பணி செய்யத் தொடங்கினாள். மழை கொட்டிய ஓர் இரவில் இரங்கி அவளைக் குடிலுக்குள் அழைத்தார். அத்தோடு அந்த நியமம் முறிந்தது. பொருளையெல்லாம் இழந்து அவள் வாசலில் நின்றவரை, பெரிய பெருமாள் தன் திருக்கோயில் பொன்வட்டிலைக் கொண்டு ஒரு திருவிளையாடல் நிகழ்த்தி மீட்டுக்கொண்டான். தொண்டரடிப்பொடியாழ்வார் என்று உலகம் போற்றுவது அவரையே. ஆழ்வாருக்குக் குறை கூறுவதற்காக இது சொல்லப்படவில்லை. அவருடைய வீழ்ச்சியும் பகவத் ஸங்கல்பத்தின் ஒரு பகுதியே என்பர் பெரியோர். ஆயினும் ஒன்று தெளிவு. அவர் அக்காலத்தில் காத்தது ஒரு விரதத்தை. கோதை காத்திருந்தது ஒருவனுக்காக. வேண்டாம் என்ற சொல் ஒன்றையே காவலாக வைத்த மனம் மழையிரவு ஒன்றில் இளகிவிடும். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவன் அமர்ந்திருந்தால் மற்றவருக்கு இடமேது?

காத்திருப்பதாக முடிவு செய்தாளே தவிர, கைகட்டி இருந்தாளில்லை. ஸ்ரீபாகவதத்தில், ஹேமந்த ருதுவின் முதல் மாதத்தில் கோகுலத்துக் கன்னியர் நந்தகோபன் குமாரனையே கணவனாக வேண்டிக் காத்யாயனி விரதம் நோற்ற கதை வருகிறது. கோதை அதனைத் தன் வழியாகக் கொண்டாள். வில்லிபுத்தூரே ஆயர்பாடி, தோழியரே கோபியர், வடபத்ரசாயியின் கோயிலே நந்தகோபர் திருமாளிகை, பள்ளிகொண்ட பெருமானே கண்ணன் என்று பாவித்தாள். திருப்பாவையின் 30 பாசுரங்களும் அந்தப் பாவனையின் பயன்.

அந்நோன்பின் நியமங்கள் இளம்பெண்களுக்கு எளியவை அல்ல. மார்கழிக் குளிரில் விடியுமுன் நீராட வேண்டும். நெய்யும் பாலும் உண்ணலாகாது. கண்ணுக்கு மையும் குழலுக்குப் பூவும் கூடாது. தீய சொல் வழங்கலாகாது. இரப்பார்க்கும் துறவியர்க்கும் இயன்ற அளவு கொடுக்க வேண்டும். இவை அனைத்தும் இரண்டாம் பாசுரத்தில் கூறப்பட்டவை. ஆனால் 27ஆம் பாசுரத்தில் நோன்பு முடியும்போது என்ன ஆகிறது? விட்டவையெல்லாம் திரும்பி வருகின்றன. வளையும் தோடும் பாடகமும் புத்தாடையும் வருகின்றன. நெய் வழியும் பாற்சோறும் வருகிறது. விலக்கிய பொருள்கள் தீயவை என்பதால் விலக்கப்படவில்லை. அவனோடு கூடியிருந்து அனுபவிப்பதற்காக ஒத்திவைக்கப்பட்டன. மார்கழி 27ஆம் நாளில் வைணவர் இல்லங்களிலும் கோயில்களிலும் கூடாரவல்லி என்று அக்காரவடிசில் ஸமர்ப்பிப்பது இதனை ஒட்டியே. இரண்டாம் பாசுரத்தை மட்டும் படித்து அவளை வற்றல் தவசி என்று கொள்வாரும், 27ஆம் பாசுரத்தை மட்டும் படித்து நியமத்தை எளிதாக எண்ணுவாரும் அவளைப் பாதியே அறிந்தவராவர்.

பாவை நோன்பின் தெளிவு நாச்சியார் திருமொழியில் இல்லை. அங்கே ஆற்றாமை மேலிடுகிறது. 14 பதிகங்கள், 143 பாசுரங்கள் கொண்ட அப்பிரபந்தத்தின் தொடக்கமே வைணவர்களைத் திகைக்க வைக்கும். பெரியாழ்வார் திருமகள், பிற தேவதையை அறியாத குடியில் வளர்ந்தவள், காமதேவனைத் தொழுகிறாள். தை மாதம் முழுவதும் தரை விளக்கிக் கோலமிட்டு, வேங்கடவனுக்கே தன்னை ஆக்கிவிடும்படி அவனை வேண்டுகிறாள். இது தகுமோ என்ற வினாவை வ்யாக்யானம் இட்ட பெரியவாச்சான் பிள்ளை மழுப்பவில்லை. இராமனுடைய நன்மைக்காக அயோத்தி மக்கள் எல்லாத் தேவதைகளையும் வணங்கினார்களென்று ஸ்ரீராமாயணம் கூறுவதை ஸமாதானமாகக் காட்டுவர். ப்ரேமம் முற்றியபோது இன்னாரைத் தொழலாம், இன்னாரைத் தொழலாகாது என்ற விவேகமும் கலங்கும் என்பது அதன் கருத்து. இளையோரின் ஆசையைத் தூண்டுபவன் என்று எந்தத் தேவனை உலகம் சொல்லுகிறதோ அவனையே அழைத்து, தன் ஆசையை ஒருவனிடத்தில் கொண்டுசேர்க்கும் வேலையில் அவனை ஏவுகிறாள் என்று கொள்ளுவதும் பொருந்தும். ஆசையை அழிக்க அவள் எங்குமே முயலவில்லை.

குயிலைக் கூவச் சொல்லுகிறாள்; வேங்கடத்து மேகத்தைத் தூது விடுகிறாள்; பெருமானின் வாயமுதம் அறிந்த பாஞ்சஜன்யத்தைப் பார்த்துப் பொறாமையோடு பேசுகிறாள். திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் வாயால் நேர்ந்துகொள்ளுகிறாள். கையில் பொருளில்லாப் பெண் வாயால் நேர்ந்த அந்த நேர்த்திக்கடனைப் பல தலைமுறைகளுக்குப் பின் ஸ்ரீராமாநுஜர் (1017–1137) திருமாலிருஞ்சோலையில் செலுத்தி, அங்கிருந்து வில்லிபுத்தூருக்கு எழுந்தருளினார். நாச்சியார் அவரைத் தமையனாக ஏற்றுக்கொண்டாள் என்பது குருபரம்பரை. தங்கையின் வாக்கை நிறைவேற்றுவது தமையன் கடன் அன்றோ!

ஆறாம் பதிகமே திருமணக் கனவு. வைதிக விவாஹத்தின் க்ரமம் அறிந்தவர்களுக்கு அதில் ஒரு வியப்பு உண்டு. ஆயிரம் யானைகள் சூழ மணமகன் வருகை, பந்தல், இந்திராதி தேவர்கள் கூடிப் பெண் பேசுதல், நாத்தனார் ஸ்தானத்தில் துர்க்கை கூறைப்புடவை உடுத்தி மாலை சூட்டுதல், நாற்றிசைத் தீர்த்தம் தெளித்தல், காப்புக் கட்டுதல், பாணிக்ரஹணம், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடல், இறுதியில் யானைமேல் ஊர்வலமும் மஞ்சன நீராட்டமும் என்று ஒரு சடங்கும் விடுபடாமல் வருகிறது. இன்றும் வைணவத் திருமணங்களில் இப்பதிகம் ஸேவிக்கப்படுகிறது. மானிட மணத்தை மறுத்தவள் பாடிய பாட்டே மானிடர் மணங்களுக்கெல்லாம் மங்களமாயிற்று.

இவ்வளவு உறுதியுள்ள பெண் வீட்டைவிட்டுப் போய்விடுவாளோ என்று உற்றார் அஞ்சியிருப்பார்கள். பன்னிரண்டாம் பதிகத்தில் அதற்கும் இடமிருக்கிறது. தாயும் தந்தையும் உறவினரும் இருக்கத் தனியே வெளியேறினாள் என்ற பேச்சு எழுந்துவிட்டால் அப்பழியைப் பின்னர்த் துடைக்க இயலாது. ஆகவே நீங்களே என்னைக் கொண்டுபோய்க் கண்ணன் இருக்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள் என்பதே அவள் வேண்டுகோள். பிடிவாதம் உண்டு, ஆனால் தந்தையின் மானத்தை மிதித்துக்கொண்டு போகும் பிடிவாதம் அன்று. இப்படிப்பட்ட கவலை ஒரு பதினைந்து பிராயத்துப் பெண்ணுக்கு இருந்தது என்பதை, அவளுடைய பக்தியைப் புகழ்வோர் பலரும் கவனிப்பதில்லை.

விஷ்ணுசித்தரின் நிலையை யார் அறிவார்? எம்பெருமானைப் பற்றி மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவரே. அப்பாடம் இவ்வளவு தூரம் செல்லும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். அர்ச்சாமூர்த்தி ஒருவனுக்குப் பெண்ணை எப்படிக் கன்யாதானம் செய்வது? அதற்கு எந்த க்ருஹ்ய ஸூத்ரத்தில் விதி உண்டு? ஆயினும் அவர் மகளை வற்புறுத்தவில்லை; அடிக்கவில்லை; அறையில் அடைக்கவில்லை. எந்தப் பெருமானை விரும்புகிறாள் என்று கேட்டு, திவ்யதேசங்களில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமான்களின் பெருமையை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். பெண்ணைப் பெற்ற தகப்பன் வரன்களின் குலமும் குணமும் சொல்வதைப் போன்றதே இது. திருவரங்கத்து அழகிய மணவாளனின் வைபவத்தைக் கேட்ட அளவில் அவள் உள்ளம் அங்கே நிலைத்துவிட்டது. அதன்பின் ஆழ்வாருக்கு இருந்த கவலை ஒன்றே: அரங்கன் ஏற்பானோ?

அவன் ஏற்றான். ஆழ்வாரின் கனவில் தோன்றிக் கோதையை அலங்கரித்து அழைத்து வரும்படி நியமித்தான். திருவரங்கத்துக் கோயிற் பரிவாரங்களுக்கும் அவ்வாறே ஆணை பிறந்தது. பாண்டிய மன்னனும் வழியெங்கும் நீர் தெளித்துப் பந்தலிட்டுத் தோரணம் கட்டுவித்தான். கோதை பல்லக்கில் ஏறினாள். ஊரார் பழிக்கு இடமின்றி, அவள் வேண்டியவாறே, தந்தையே உடன் வந்தார். காவிரியைக் கடந்து கோயிலுக்குள் புகுந்து, திருமுன்பே பல்லக்கினின்றும் இறங்கினாள். சிலம்பு ஒலிக்க நடந்து சென்று, நாகபர்யங்கத்தின்மேல் அடிவைத்து ஏறி, காண்போர் காண அப்பெருமானோடு ஒன்றிக் கலந்தாள். அரங்கன் விஷ்ணுசித்தரை மாமனாராக அழைத்துத் தீர்த்தம், பரிவட்டம், மாலை முதலிய வரிசைகளை அளிக்கச் செய்தான். இச்சரித்திரத்தில் ஈடுபட்டே விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் 16ஆம் நூற்றாண்டில் ஆமுக்தமால்யதா என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார்.

வரிசைகளைப் பெற்றுக்கொண்ட ஆழ்வார் பல்லக்கு வெறுமையாக இருக்க வில்லிபுத்தூருக்குத் திரும்பினார். பெரியாழ்வார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும் மகளைப் பிரிந்த தாயின் பேச்சாகவே அமைந்திருக்கிறது. ஒரே மகளைத் திருமகள்போல் வளர்த்தேன், செங்கண்மால் கொண்டுபோய்விட்டான். மாமியார் யசோதை மருமகளைக் கண்டு மகிழ்ந்து மணச்சிறப்புச் செய்வாளோ, புகுந்த வீட்டில் தயிர் கடைந்து என் மகள் கை வருந்துமோ என்று அத்தாய் கவலைப்படுகிறாள். அதனை ஓதுவார் நெஞ்சில் அந்த நந்தவனத்து வீடே தோன்றும். இரவில் நாச்சியார் சூடிக் களைந்த மாலை மறுநாள் காலையில் வடபத்ரசாயிக்குச் சாத்தப்படும் முறை அங்கு நிலைபெற்றது. புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்துக்குத் திருமலைக்கும், சித்திரையில் அழகருக்கும் அவள் சூடிய மாலை செல்லுகிறது. ஆழ்வார் சிலகாலம் வில்லிபுத்தூரில் தம் கைங்கர்யத்தைச் செய்துகொண்டிருந்து, பின்பு மகள் நூறு தடா நேர்ந்துகொண்ட திருமாலிருஞ்சோலைக்கே எழுந்தருளி, அங்கே திருநாடு அலங்கரித்தார். அவருடைய திருவரசு அங்குதான் இருக்கிறது.